இரண்டாவது பத்திரிகை

காலை ஏழு பத்து. ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஹோட்டல் வாசலில் ஹரிதாஸ் வேனை நிறுத்தியபோது, கூட்டிப் போகவேண்டிய ஆள் ஏற்கெனவே படியில் நின்றிருந்தான்.

"ஏழரைன்னுதானே சார் சொன்னாங்க?"

"அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துருச்சுண்ணே. ரூமுல உக்காந்து என்ன பண்றது?"

பெயர் திருமாறன். ஓசூர்க்காரன். நாற்பது வயதிருக்கும். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் புது இயந்திரம் பூட்டிக் கொடுக்க வந்தவன். வந்து பதினாறு நாள் ஆகிறது. பின்கதவைத் திறந்தும் ஏறவில்லை. சுற்றி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தான்.

ஹரிதாஸின் தொழில் இதுதான். ஈப்போவுக்கு வேலையாக வந்து தங்குகிறவர்களுக்கு நடுவில் ஒரு நாள் சும்மா கிடைக்கும். மீட்டிங் தள்ளிப் போகும். சாமான் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். கவுன்டரில் இருக்கும் பெண் ஹரிதாஸுக்குப் போன் போடுவாள். காலையில் கேமரன் மலை ஏறி, மாலை ஐந்துக்குள் இறங்கிவிட வேண்டும். தேயிலை, ஸ்ட்ராபெரி, காய்கறிச் சந்தை, தேனீப் பண்ணை. இருபத்திரண்டு வருடமாக அதே நான்கு. கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் பேச மாட்டார். தான் அந்த மலையில் பிறந்தவர் என்று எந்த விருந்தாளியிடமும் சொன்னதில்லை. சொன்னால் வீட்டைக் காட்டச் சொல்வார்கள்.

இன்றைக்கு அவரே காட்ட நினைத்திருந்தார்.

தங்கை உமாதேவியின் மகள் சசிரேகாவுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். ஹரிதாஸுக்கு ஊரார் வாய் வழியாகத்தான் செய்தி வந்தது. அவருக்குப் பெண்டு பிள்ளை இல்லை. ஈப்போ புந்தோங்கில் ஒரு வாடகை அறை, இந்த வேன், மலை மேல் ஒரே ஒரு தங்கை. அவளும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்து மணமேடைக்குக் கூட்டிவர வேண்டியது தாய்மாமன். அவளுக்கு இருப்பது ஒரே மாமன். கூப்பிடுவாளா மாட்டாளா என்று தெரியவில்லை.

இரண்டு முறை தனியாகப் புறப்பட்டுப் போய், மலைப்பாதையில் கோலா தெர்லாவிலேயே வண்டியைத் திருப்பியிருக்கிறார். தனியாகப் போனால் கதவைச் சாத்திவிடுவாள். கூட ஒரு ஆள் இருந்தால் சாத்த மாட்டாள். அதுவும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆள் என்றால் டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டாள். இரண்டு வாரமாக அவர் ஒரு தமிழ் விருந்தாளிக்காகக் காத்திருந்தார். கொரியாக்காரர்கள் வந்தார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் வந்தார். நேற்று மாலை கவுன்டர் பெண் திருமாறன் என்ற பெயரைச் சொன்னதும், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

பின்சீட்டில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. உள்ளே அரக்கு நிறப் பட்டுப்புடவை. மாமன் சீர்.

சிம்பாங் பூலாய் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. சுண்ணாம்புப் பாறைகள் பின்னால் போயின.

"இந்த ஊரு சாப்பாட்டுல எல்லாத்துலயும் சீனி போடுறாங்கண்ணே. குழம்புகூட இனிக்குது. நாக்கு செத்துப் போச்சு."

"மேல ஒரு கடை இருக்கு சார். அங்க சீனி போட மாட்டாங்க."

"நீங்க சாப்பிட்டாச்சா? வீட்டுல அண்ணி செஞ்சு குடுத்துருப்பாங்க."

"அண்ணி இல்ல சார்."

திருமாறன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நானும் பதினாறு நாளா தனியாத்தான் சாப்பிடுறேன்" என்றான்.

கம்போங் ராஜாவில் ஈசாவின் சாப்பாட்டுக் கடை. ஹரிதாஸ் ஒவ்வொரு பயணத்திலும் நிறுத்துகிற இடம். அறுபது வயது ஈசா கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்னலா டிரைவர், இன்னிக்கு நம்ம ஆளு? எப்பவும் ஜப்பான்காரனைத்தானே இழுத்துட்டு வருவ?"

"தமிழ்நாட்டுல இருந்து வந்திருக்காரு."

"எந்த ஊரு தம்பி?"

"ஓசூருங்க."

"எங்க பாட்டனார் ராமநாதபுரம். நான் போனதே இல்ல. அங்க இன்னும் வெயிலா?"

"இன்னும் வெயில்தாங்க."

"அப்ப போவ வேண்டியதில்ல." ஈசா உள்ளே பார்த்து இரண்டு ரொட்டி சானாய்க்குக் குரல் கொடுத்தார்.

திருமாறன் கை கழுவப் போனான். ஈசா மேசையில் குனிந்தார்.

"பத்திரிகை வந்துச்சு. முந்தாநாளு புனிதனும் உன் தங்கச்சியும் ஜோடியா வந்தாங்க. தட்டு, வெத்தல, பழம், எல்லாம் முறையா வெச்சுக் குடுத்தாங்க. உனக்கும் குடுத்துட்டாங்கதானே?"

"குடுப்பாங்க."

"இனிமேத்தானா? எனக்கே வந்துருச்சேலா." சொன்ன பிறகுதான் ஈசாவுக்கு உறைத்தது. துடைக்கிற துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்தார். "ஈப்போ தூரம்தானே. அடுத்த வாரம் வருவாங்களா இருக்கும்."

"பத்திரிகை இங்க இருக்கா?"

"என் பொஞ்சாதி ரொஹானா வீட்டுக்குக் கொண்டு போயிட்டா. ஏன், தேதி தெரியலையா?"

"தேதி தெரியும்."

முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. அதன் பிறகுதான் ஊருக்கு. புருஷனும் மனைவியும் சேர்ந்து வந்து, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். போனில் படம் பிடித்து அனுப்பினால் அது செய்தி, அழைப்பு இல்லை. இதெல்லாம் ஈசாவுக்கும் தெரியும். அன்றைக்கு அவர் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

கோலா தெர்லாவில் காய்கறி லாரிகள் வரிசையாக நின்றன. கோஸ் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. வேன் நகரவில்லை. திருமாறன் தூங்கிவிட்டான்.

நான்கு வருடத்துக்கு முன் இதே இடத்தில்தான் நின்றார்.

அன்று தைவான்காரர்கள் நான்கு பேர். பதினொரு மணிக்கு அவர்கள் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் இருந்தபோது புனிதன் போன் செய்தான். "மச்சான், அத்தை போயிட்டாங்க." அம்மா தங்கம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. காலையில் பசியாறிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. "எங்க இருக்கீங்க?" என்று புனிதன் கேட்டான். வேலையில் இருக்கிறேன், வந்துவிடுகிறேன் என்றார். எங்கே என்று சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து அம்மா இருந்த உமாதேவி வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.

விருந்தாளியை மலையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவராகவே வைத்துக்கொண்டது. என் அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு இங்கிலீஷ் அவருக்கு வரும். அவர்கள் பழத்தைப் பறித்துச் சின்னக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தபடி கேமராவை நீட்டினான். ஹரிதாஸ் வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். இன்னொன்று என்றார்கள். இன்னொன்றும் எடுத்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தார். சந்தையையும் தேனையும் விட்டுவிட்டு இறங்கினால் இரண்டுக்கு ஈப்போ. திரும்ப ஏறினால் நாலரைக்கு வீடு. ஏறும்போது மழை பிடித்தது. கோலா தெர்லாவில் ஒரு லாரி குடைசாய்ந்து கிடந்தது. வீட்டை அடையும்போது ஏழு மணி. ஐந்தரை வரை உடலை வைத்திருந்தார்களாம். சுடுகாட்டுப் பாதை சறுக்கும். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. புனிதன் கொள்ளி வைத்தான்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருந்த ஒருவர் மத்தியானம் வேனை ஸ்ட்ராபெரித் தோட்டத்து வாசலில் பார்த்திருந்தார். வந்து சொல்லியும் இருந்தார்.

உமாதேவி ஈரத் தலையோடு வாசலில் நின்றாள்.

"பழம் இனிச்சுச்சா?"

அவ்வளவுதான் கேட்டாள். கருமாதிக்குப் போனார். முற்றத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.

தேயிலை மலையில் வழக்கமான மேட்டில் வண்டியை நிறுத்தினார். பத்தரை மணி. மூட்டம் விலகி, சரிவு முழுக்கச் சீராக வெட்டின செடி தெரிந்தது. திருமாறன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டான். ஓசூரில் அப்போது எட்டு மணி.

"பாப்பா, இங்க பாரு, எவ்ளோ பச்சை பாரு."

"அப்பா, நான் டிவி பாக்குறேன். அப்புறம் பேசு."

"ஒரு நிமிஷம்டா கண்ணு, அப்பா எங்க நிக்கிறேன்னு..."

போன் நின்றுவிட்டது. அவன் அதைச் சரிவின் பக்கம் நீட்டியபடியே இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு பையில் போட்டுக்கொண்டான். ஹரிதாஸ் வேறு பக்கம் பார்த்தார்.

"செடிக்குள்ள வேலை செய்யறவங்கள்ல நம்ம ஆளுங்களே இல்லையேண்ணே?"

"பங்ளாதேஷ், நேப்பாளம். நம்ம ஆளு கொஞ்சம்தான் மிச்சம் சார்." ஹரிதாஸ் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஒரு வீடு தெரியும். டீ குடிக்கலாமா?"

"நம்ம ஆளுங்க வீடா? போலாம்ணே. சொந்தக்காரங்களா?"

"தெரிஞ்சவங்க."

லைன் வீடுகள் இரண்டு வரிசை. பாதிக்கு மேற்பட்ட வாசல்களில் வெளிநாட்டுத் தொழிலாளிகளின் ரப்பர் பூட்ஸுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வரிசைக் கடைசியில் உமாதேவியின் வீடு. புனிதன் ஏணியில் நின்று கல்யாணத்துக்காகச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு இடப்பக்கம் இளம் மஞ்சள், வலப்பக்கம் பழைய நீலம். வேன் சத்தத்துக்குத் திரும்பினான்.

"மச்சா..." என்று தொடங்கி, வீட்டுக்குள்ளே பார்த்து நிறுத்திக்கொண்டான்.

உமாதேவி வெளியே வந்தாள். ஐம்பது வயது. காதோரம் நரைத்திருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அது இல்லை. முதலில் விருந்தாளியைப் பார்த்தாள்.

"சார் ஓசூர்ல இருந்து வந்திருக்காரு" என்றார் ஹரிதாஸ். "நம்ம வீட்டு டீ குடிக்கணும்னாரு."

"வாங்க தம்பி, உள்ள வாங்க. ஸ்வெட்டர் போடாமலா வந்தீங்க? இந்தக் குளிரு புதுசா வர்றவங்களை விடாது."

திருமாறன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஹரிதாஸும் கழற்றினார். கையில் துணிக்கடைப் பை. அதை வாசலுக்கு உள்பக்கம் இருந்த முக்காலியில் எட்டி வைத்தார். ஒரு காலைப் படியில் எடுத்து வைத்தார்.

"கதவுல பெயின்டு காயல" என்று உமாதேவி ஏணியைப் பார்த்துச் சொன்னாள். "டிரைவர் வெளியிலயே உக்காரட்டும்."

கதவுக்குப் பெயின்ட் அடித்திருக்கவில்லை. ஹரிதாஸ் காலைக் கீழே எடுத்துக்கொண்டார். புனிதன் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் துடைத்துப் போட்டான்.

உள்ளே பேச்சு கேட்டது.

"எத்தனை பிள்ளைங்க தம்பி?"

"ஒரு பொண்ணுங்க. ஏழு வயசு."

"எனக்கும் ஒன்னுதான். தானா ராத்தா டவுன் கிளினிக்ல வேலை செய்யுது. மூணு வாரத்துல கல்யாணம், இன்னிக்கும் டியூட்டிக்குப் போயிருச்சு பாருங்க."

"கட்டிக் குடுக்கறப்ப ரொம்ப அழுவீங்கல்ல?"

"நான் எதுக்கு அழுவுறேன்? அழுவறதுக்குன்னே ஒரு ஆளு வெச்சிருக்கேன். ஏணியில நின்னுச்சே, பார்க்கலையா? பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு."

திருமாறன் சத்தமாகச் சிரித்தான். பதினாறு நாளில் முதல் தடவை போலிருந்தது. உமாதேவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவில்லை. ஹரிதாஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புனிதன் ஒரு தம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தான். இஞ்சி தட்டிப் போட்ட டீ. சீனி கம்மி. ஹரிதாஸ் குடிப்பது அப்படித்தான். அவளே போட்டதா, புனிதன் சொல்லிப் போட்டதா என்று கேட்கவில்லை.

"நான் சொல்லிப் பார்த்தேன் மச்சான்" என்றான் புனிதன் மெதுவாக.

"தெரியும்."

"சசி ரெண்டு நாளு சாப்பிடாமக்கூட இருந்துச்சு. மாமா வரணும்னு."

ஹரிதாஸ் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாலை எடுத்துக் குடுக்கப் போறது யாரு?"

புனிதன் பெயின்ட் டின்னைக் குச்சியால் கலக்கினான். "வாயே திறக்க மாட்டேங்குறா. கேட்டா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுறா. எங்க அண்ணன் மகன் நிக்கட்டுமான்னேன். அதுக்கும் பதில் இல்ல." குச்சியை எடுத்து வடியவிட்டான். "பத்திரிகை அடிக்கக் குடுத்தப்ப என்னா நடந்துச்சு தெரியுமா..."

"என்னங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கையைக் கழுவிட்டு வாங்க. தம்பி புறப்படுறாங்க."

புனிதன் போனான். நாற்காலி இருந்த இடத்திலிருந்து வாசல் வழியாகப் பாதிக் கூடம் தெரிந்தது. உமாதேவி தட்டில் வெற்றிலையும் பாக்கும் இரண்டு வாழைப்பழமும் வைத்தாள். ஒரு பத்திரிகையை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரம்மா பேரு என்னங்க?"

"எனக்கு எதுக்குங்க? புதன்கிழமை எனக்கு ஃப்ளைட்."

"இருக்கட்டும். பத்திரிகை வெக்கிற நேரத்துல வீடு தேடி வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாது. வர முடியாட்டி போவுது. கூப்பிட்டாச்சுல்ல?"

புருஷனும் மனைவியும் சேர்ந்து தட்டைப் பிடித்தார்கள். திருமாறன் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஹரிதாஸ் எழுந்துவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். சாமி மேடையில் பத்திரிகைக் கட்டு இருந்தது. பக்கத்திலேயே வெற்றிலை இருந்தது. தட்டு காலியாகப் புனிதன் கையில் இருந்தது. புனிதன் அவரைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். நகரவில்லை.

உமாதேவி அவன் கையிலிருந்து தட்டை வாங்கினாள். சமையலறைக்குப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது தட்டு இல்லை. முக்காலியில் இருந்த துணிக்கடைப் பையை எடுத்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த திருமாறனிடம் நீட்டினாள்.

"தம்பி, பையை விட்டுட்டுப் போறீங்க."

"இது என்னோட..."

"புடிங்க. மழை வரும், சீக்கிரம் எறங்கிருங்க."

அவன் வாங்கிக்கொண்டு ஹரிதாஸைப் பார்த்தான். ஹரிதாஸ் போய் வேன் கதவைத் திறந்து பிடித்தார்.

"வர்றேன்" என்றார், வாசலைப் பார்த்து. புனிதன் தலையை ஆட்டினான். உமாதேவி நாற்காலிக்குக் கீழே இருந்த தம்ளரைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அடியில் மிச்சமிருந்த டீயைச் செடிக்கு ஊற்றினாள்.

வேன் தேயிலைச் சரிவை விட்டு இறங்கியது.

"ஸ்ட்ராபெரித் தோட்டம் போவணுமா சார்?"

"வேண்டாம்ணே. இதுவே போதும். வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு." திருமாறன் பையை மடியில் வைத்திருந்தான். "இது உங்களோடதாண்ணே? என் கையில குடுத்துட்டாங்க."

"பின்சீட்டுல போடுங்க சார்."

போட்டான். பத்திரிகையைப் பிரித்தான். மஞ்சள் அவன் விரலில் ஒட்டியது.

"எங்க ஊருல அடிக்கிற மாதிரியேதான் இருக்கு. பிள்ளையார் மட்டும் இந்தப் பக்கம் போட்டுருக்காங்க." வாய்விட்டுப் படித்தான். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தாப்பா ஊர் முகவரி, முகூர்த்த நேரம். "நல்வரவை விரும்பும் புனிதன், உமாதேவி. அந்தக்கா பேரு உமாதேவியா? கேக்கவே இல்ல நான். தாய்மாமன்..."

நிறுத்தினான்.

"தாய்மாமன் ஹரிதாஸ் ராமசாமி, ஈப்போ."

ஹரிதாஸ் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுக்குக் கொடுத்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும். முன்னால் ஒரு காய்கறி லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கியரைக் குறைத்தார். லாரிக்குப் பின்னால் வேனும் ஊர்ந்தது.

திருமாறன் போனை எடுத்துப் பார்த்தான். ஹோட்டல் பெண் அனுப்பியிருந்த டிரைவர் எண்ணுக்கு மேல் அதே பெயர் இருந்தது. பத்திரிகையை இன்னொரு தடவை பார்த்தான். மடித்தான்.

"அண்ணே, அப்ப எதுக்கு வெளியிலயே உக்காந்திருந்தீங்க?"